ஈஜிஆரை அடைத்தால் புகை குறையும், சிக்கலே அதுதான்

டீசல் கார் வைத்திருப்பவருக்குக் கேட்காமலேயே கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு: "ஈஜிஆரை அடைச்சிடுங்க, வண்டி புதுசு மாதிரி ஓடும்." ஈஜிஆர் என்றால் எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன், இன்ஜின் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் அமைப்பு. மெக்கானிக் சொல்வார், டாக்ஸி ஓட்டும் நண்பர் சொல்வார், யூடியூபில் செய்முறையோடு வீடியோவும் கிடைக்கும். நானும் பல வருடமாக டீசல் கார் ஓட்டுகிறவன். இந்த யோசனையை நான் ஏன் ஏற்கவில்லை என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். ஈஜிஆரைப் பற்றி நம் ஊரில் பேசுவதில் பாதி உண்மை. மீதி, அந்த உண்மையை வைத்து எடுக்கும் தப்பான முடிவு.

ஈஜிஆர் செய்கிற வேலை எளிதானதுதான். சைலன்சர் வழியாக வெளியே போக வேண்டிய வாயுவில் ஒரு பங்கைப் பிரித்து, இன்ஜின் காற்று இழுக்கும் பாதையில் மறுபடியும் விடுகிறது. நடுவில் ஒரு வால்வு. அது எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ முடிவு செய்யும். இப்போதைய டீசல்களில் அந்த வாயுவைக் குளிரவைக்க ஒரு கூலரும் இருக்கும். ரேடியேட்டரில் ஓடும் அதே கூலன்ட்தான் அதற்குள்ளும் ஓடுகிறது.

எரிந்து முடிந்த காற்றை எதற்கு மறுபடி உள்ளே விட வேண்டும்? நல்ல காற்று போனால்தானே நன்றாக எரியும்? இந்தக் கேள்வி நியாயமானது. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடாக எரிவதுதான் பிரச்சினை.

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஜன் சாதாரணமாக எதனோடும் சேராமல் ஒதுங்கி நிற்கும் வாயு. ஆனால் சிலிண்டருக்குள் பிழம்பின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டி மேலே மேலே போகும்போது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறத் தொடங்கும். வாகனத் துறையில் இதைச் சுருக்கமாக நாக்ஸ் என்பார்கள். இந்த வினை எப்படி நடக்கிறது என்று 1940களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச். நாக்ஸ் வெப்பத்துக்கு ஏற்றாற்போல் சீராகக் கூடுவதில்லை. உச்ச வெப்பம் கொஞ்சம் ஏறினாலே அது மடங்குக் கணக்கில் ஏறும். அப்படியென்றால் உச்ச வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்தாலே நாக்ஸ் மடங்குக் கணக்கில் இறங்கும். ஈஜிஆர் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

திரும்பி வரும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் இருக்கின்றன. இவை எரியாது, ஆனால் வெப்பத்தை நன்றாக உறிஞ்சும். அதைவிட முக்கியமாக, இவை இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சிலிண்டருக்குள் ஆக்சிஜனின் பங்கு குறைகிறது. 21 சதவீதம் இருந்த இடத்தில் 17, 16 என்று இறங்கும்போது எரிதல் நிதானமாகிறது, பிழம்பின் உச்சச் சூடு தணிகிறது.

டீசலில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. குறைந்த லோடில் ஓடும் டீசல் இன்ஜின் தேவைக்கு மேல் நிறையக் காற்றை இழுக்கிறது. அதனால் வெளியே வரும் வாயுவிலும் ஆக்சிஜன் ஏராளமாக மிச்சம் இருக்கும். அந்த வாயுவைக் கொஞ்சமாகக் கலந்தால் பெரிய மாற்றம் வராது. ஆகவே டிராஃபிக்கில் ஊர்ந்து போகும் நேரத்தில் உள்ளே போகும் காற்றில் 40 சதவீதம் வரைகூட ஈஜிஆர் வழியாகத் திரும்பி வரும் சுழற்சி வாயுவாக இருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது நிலைமை தலைகீழ். எல்லா ஆக்சிஜனும் எரிபொருளுக்கே வேண்டும், ஆகவே வால்வு மூடிக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெட்ரோல் இன்ஜினின் கதை வேறு, இனிமையானதும்கூட. பெட்ரோல் காரில் மெதுவாகப் போகும்போது, உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு பாதி மூடியே இருக்கும். அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்கவே பிஸ்டன் சக்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஈஜிஆர் கலந்தால் அதே பவருக்கு த்ராட்டிலை இன்னும் அகலமாகத் திறக்கலாம், அந்த வீண் உழைப்பு குறையும். உச்ச வெப்பம் தணிவதால், பெட்ரோல் தானாகவே பற்றி இன்ஜின் தட்டும் நாக்கிங்கும் அடங்கும். 2010 மாடலாக வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸில் குளிர்வித்த ஈஜிஆரை மைலேஜுக்காகவே சேர்த்தார்கள். ஆகவே ஈஜிஆர் என்றாலே மைலேஜ் போச்சு என்று சொல்வது பெட்ரோலுக்குப் பொருந்தாது. டீசலில் கொஞ்சம் இழப்பு உண்டு, அதை மறுக்கவில்லை.

இதெல்லாம் தொடங்கிய இடம் கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1940களில் கண்ணை எரிக்கும் பழுப்புப் புகைமூட்டம் வரத் தொடங்கியது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர் கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் வேலை பார்த்த டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர்! கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் காட்டினார். 1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. 1973 மாடல்களில் பரவலாக ஈஜிஆர் வால்வு வந்துவிட்டது. அந்தக் காலத்து வால்வில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. இன்ஜின் காற்று இழுக்கும் குழாயான மேனிஃபோல்டில் உண்டாகும் வாக்குவத்தில், அதாவது வெற்றிட உறிஞ்சலில், திறந்து மூடும். வேண்டாத நேரத்தில் திறந்து வண்டி திக்கியது, சிக்னலில் நின்றது. வாக்குவம் குழாயை அடைத்துவிடும் வழக்கமும் அங்கே அப்போதே வந்துவிட்டது. அடைக்கச் சொல்லும் யோசனைக்கு அரை நூற்றாண்டு வயது.

பெட்ரோல் கார்களுக்கு அப்புறம் த்ரீ-வே கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருந்தால் நாக்ஸை அதுவே உடைத்துவிடும். டீசலில் ஆக்சிஜன் எப்போதும் மிச்சம் இருப்பதால் அந்த வித்தை பலிக்காது. அதனால் டீசல்காரர்களின் முதல் ஆயுதம் இன்றைக்கும் ஈஜிஆர்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிஜனைக் குறைத்தால் நாக்ஸ் குறையும், கரி கூடும். ஆக்சிஜனைக் கூட்டினால் கரி குறையும், நாக்ஸ் கூடும். டீசல் இன்ஜின் வடிவமைப்பவர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டும் இழுபறி இது. நம் நாட்டின் மாசு விதியான பாரத் ஸ்டேஜ் 4, அதாவது பிஎஸ்4இல், டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நாக்ஸ் அனுமதி. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6இல் அது 0.08 கிராம். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கரியை வடிகட்ட டிபிஎஃப் என்ற ஃபில்டர் வேறு கட்டாயத் தேவையானது. இந்தச் செலவைப் பார்த்துத்தான் மாருதி டீசலையே கைவிட்டது.

லாரிகளில் இதே இழுபறி வேறு விதமாக நடந்தது. 2017இல் நாடு முழுக்க பிஎஸ்4 வந்தபோது கனரக லாரிகளுக்கு யூரியா கரைசலைத் தெளித்து நாக்ஸை உடைக்கும் எஸ்சிஆர் முறை ஒரு வழி. நம் சென்னையின் அசோக் லேலண்ட், ஐ-ஈஜிஆர் என்ற பெயரில் ஈஜிஆரையே மேம்படுத்தி அந்த விதியைச் சமாளித்தது. தனியாக யூரியா டேங்க் வேண்டாம், வழியில் நிரப்பும் தொல்லையும் இல்லை என்பது டிரைவர்களுக்கு லாபம். பிஎஸ்6 வந்தபோது அளவு இன்னும் இறுகி, பெரிய லாரிகளில் எஸ்சிஆர் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. ஆனாலும் ஈஜிஆரைத் திறமையாகக் கையாண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இப்போது என் காருக்கு வருகிறேன்.

நகருக்குள்ளேயே ஓடும் கார் அது. பள்ளிக்கூடம், மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன். இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் ஊர் சுற்றி வந்துவிடும். ஒரு கட்டத்தில் இரண்டாவது கியரில் இழுவை செத்துவிட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும், பின்னால் கரும்புகை. அப்புறம் செக் இன்ஜின் லைட் எரிந்தது. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஈஜிஆர் வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு டீசல்காரரும் ஒரு தடவை பார்க்க வேண்டிய பொருள் அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய உடல். ஒரு பக்கம் சின்ன மோட்டார், மறுபக்கம் தட்டு மாதிரியான வால்வு. அந்தத் தட்டு உட்கார வேண்டிய இடமே தெரியவில்லை. மேலே பசை மாதிரி ஈரமான கரி, விரலில் ஒட்டினால் துணியில் துடைத்தாலும் போகாது. அதைச் சுரண்டினால் கீழே காய்ந்த கரி, செதில் செதிலாக உடைந்து விழுகிறது. எரிந்த எண்ணெய் வாடை. வால்வு மூடியதாக நினைத்துக்கொண்டிருந்தது, ஆனால் அந்தக் கரி தடுத்ததில் ஒரு நூல் அளவு திறந்தே இருந்தது. இன்ஜின் முழுக்க இழுக்கும் நேரத்திலும் சுழற்சி வாயு உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆக்சிஜன் பற்றாக்குறை, அதனால் கரும்புகை, அந்தப் புகையே திரும்ப வந்து இன்னும் கரி. தானே தன்னை அடைத்துக்கொள்ளும் சுழல்.

இந்தப் பசை எங்கிருந்து வருகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஈஜிஆர் கொண்டுவருவது காய்ந்த கரி. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும், காற்று உள்ளே போகும் அதே இன்டேக் பாதையில்தான் கலக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இந்தக் களிம்பு. சூடான வாயுவில் மிதக்கும் கரித்துகள், குளிர்ந்த சுவரை நோக்கி நகரும் இயல்புள்ளது. ஆகவே கூலருக்குள்ளும் படியும், இன்ஜின் சூடாகாத நேரத்தில் எல்லா இடத்திலும் படியும். குட்டிக் குட்டிப் பயணம் மட்டுமே போகும் வண்டியில் இது சீக்கிரம் நடப்பதற்கு இதுதான் காரணம். ஹைவேயில் ஓடும் வண்டியில் ஈஜிஆர் குறைவாகத் திறக்கிறது, வாயுவும் சூடாக இருக்கிறது, கரியும் குறைவு. ஆனால் ஒரு நாள் சேலம் வரை விரட்டிக்கொண்டு போனால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். கல்லாக இறுகிய கரி அப்படிப் போகாது.

வால்வைக் கையில் வைத்துக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: "சார், இதுக்கு ஒரு பிளேட் வெட்டிப் போட்டு அடைச்சுப் போடலாமுங்க. இனி இந்தப் பிரச்சினையே வராதுங்க."

"பொல்யூஷன் டெஸ்ட்ல மாட்டாதுங்களா?"

"எங்கீங்க சார், புகை இன்னும் கொறஞ்சுதான் போகும். டெஸ்ட் சும்மா பாஸ் ஆயிரும்."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. நம் ஊர் பியூசி, அதாவது மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் சோதனையில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை மட்டும்தான். ஒளி எவ்வளவு மறைகிறது என்ற ஒரே அளவு. நாக்ஸை அங்கே யாரும் அளப்பதில்லை. ஈஜிஆரை அடைத்தால் ஆக்சிஜன் கூடி, கரி குறைந்து, சோதனைத் தாளில் எண் அழகாக வரும். அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு மடங்குக் கணக்கில் கூடியிருக்கும். சைலன்சரைப் பார்த்து "வண்டி சுத்தமாயிடுச்சு" என்று நாம் சந்தோஷப்படும்போதுதான் அது அதிகமாக நஞ்சைக் கக்குகிறது.

வெளியே வரும் நைட்ரிக் ஆக்சைடு காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும். மூச்சுக்குழாயை அழற்சியாக்கும், ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு நேரடியாகவே கெடுதல். நம் தேசியத் தரத்தில் இதன் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 10. வெயிலில் இதுவே ஓசோனுக்கு விதை. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது இதுதான். வெயிலுக்கு நமக்கு எந்தக் குறையும் இல்லை. ஸ்கூட்டரில் நமக்குப் பின்னால் வருகிறவர், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பாட்டி, எல்லாரும் இழுப்பது இதைத்தான்.

நாக்ஸைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதை நம்பித்தான் பெரிய நிறுவனங்களும் தப்பு செய்தன. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் மீது குற்றம் சாட்டியது. டீசல் கார்களில் இருந்த மென்பொருள், சோதனைக்கூடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் ஈஜிஆர் உள்ளிட்டவற்றை ஒழுங்காக ஓட்டும். சாலையில் அடக்கி வாசிக்கும். அமெரிக்காவில் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நாக்ஸ் வந்தது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஈஜிஆரை முழுக்க ஓட்டினால் கரி கூடி டிபிஎஃப் சீக்கிரம் அடைபடும் என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. நம் மெக்கானிக் சொல்லும் அதே பயம்தான்.

அதற்கப்புறம் வந்த திருத்தமும் பஞ்சாயத்தானது. ஐரோப்பாவில் சில கார்களுக்குப் போட்ட புதிய மென்பொருளில் வெளி வெப்பநிலை 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால்தான் ஈஜிஆர் முழுமையாக வேலை செய்யும், 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் போனாலும் குறைந்துவிடும். இன்ஜினைப் பாதுகாக்கத்தான் இப்படி என்று நிறுவனம் வாதாடியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூலை 14 அன்று அதை ஏற்கவில்லை. ஈஜிஆர் வால்வும் கூலரும் கரி படிந்து தேய்வது சாதாரண விஷயம், அதைக் காரணம் காட்டி மாசுக் கட்டுப்பாட்டை அணைக்கக் கூடாது. இன்ஜினுக்குத் திடீர் ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு என்பது தீர்ப்பின் சாரம். 33 டிகிரி என்ற எண்ணைப் படித்ததும் எனக்குச் சென்னைதான் நினைவுக்கு வந்தது. ஏப்ரலில் அங்கே மதிய நேரத்தில் 33க்குக் கீழே இருந்தால் நாம் அதைக் குளிர்ச்சி என்போம்.

ஈஜிஆரால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தன. கூலரில் கசிந்த கூலன்ட் கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து படிந்து, சூட்டில் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனால், வெளியே எங்கும் கசிவு தெரியாவிட்டால், ஈஜிஆர் கூலரை ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள். இதை டீசல்காரர்கள் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடைத்தால் பிக்கப் கூடுவது உண்மையா? கரி சிக்கி மூட முடியாமல் திறந்தே கிடந்த வால்வை அடைத்தால் கண்டிப்பாகக் கூடும். ஆனால் வால்வைச் சுத்தம் செய்தாலும் அதே அளவு கூடும். மேலே சொன்னதுபோல, முழு மிதியில் நல்ல வால்வு தானாகவே மூடிக்கொள்கிறது. ஆகவே அதிகபட்ச பவரில் வித்தியாசம் இருக்காது. பாதி மிதியில் டர்போவுக்குக் கொஞ்சம் கூடுதல் வாயு கிடைக்கும், அந்தச் சின்னச் சுறுசுறுப்பு மட்டும் நிஜம்.

அடைப்பதால் வரும் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். வால்வைத் திறந்தால் உள்ளே வரும் புதுக் காற்று எவ்வளவு குறைகிறது என்பதை, காற்றின் அளவை அளக்கும் மேஃப் சென்சார் மூலம் இசியூ கணக்கு பார்க்கிறது. பிளேட் போட்டால் காற்று குறையாது. இசியூ குழம்பி, பி0401 என்ற பிழைக் குறியீட்டைப் பதிவு செய்து செக் இன்ஜின் லைட்டைப் போடும், சில வண்டிகளில் பவரையும் குறைக்கும். அதை ஏமாற்ற நடுவில் சின்ன ஓட்டை போட்ட பிளேட், அதுவும் போதாவிட்டால் இசியூவின் மென்பொருளையே மாற்றும் ரீமேப். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. காலையில் இன்ஜின் சூடாவதும் தாமதமாகலாம், ஏனென்றால் ஈஜிஆர் கூலர் கூலன்ட்டுக்குக் கொஞ்சம் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நான் சுத்தம் செய்யச் சொன்னேன். அந்த மெக்கானிக் வேலையைப் பிரமாதமாகவே செய்தார். கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தார். தட்டை விரலால் அழுத்தித் திறக்கவில்லை. மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம், பலமாக அழுத்தினால் பல் போய்விடும். கிளீனர் மோட்டார் பக்கம் இறங்காமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். இன்டேக் மேனிஃபோல்டையும் இறக்கிக் கழுவினார், பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடவில்லை. மாட்டியபின் ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையை இசியூவுக்குப் புதிதாகப் பழக்கினார். இதை விட்டுவிட்டால் சுத்தமான வால்வும் தப்பாகத்தான் திறக்கும். வண்டி எடுத்து வந்த அன்றே இரண்டாவது கியரில் பழைய இழுவை திரும்பிவிட்டது.

செகண்ட் ஹேண்டில் டீசல் வாங்கப் போகிறவர்கள், பேரம் பேசும் முன் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். இன்ஜின் சூடானபின் ஐடிலில் ஈஜிஆர் வால்வை ஸ்கேனரிலிருந்தே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறந்ததும் மேஃப் காட்டும் காற்றின் அளவு சட்டென்று இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் வால்வு இறுகியிருக்கிறது, இல்லையென்றால் யாரோ பிளேட் போட்டிருக்கிறார்கள். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பக்கத்தில் பளபளப்பாக ஒரு தகட்டின் விளிம்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி நேரம் தெரிந்துவிடும். பிளேட் இருந்தால் விலையில் குறைத்துக்கொண்டு, கழற்றச் சொல்லி, ஒரிஜினல் மென்பொருள் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.